மாத்திரையும் பூசணம், மல்லாக்கொட்டையும் பூசணம்: எதை நிறுத்துவது?

வேலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து ஒரு பெண் ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளும் ஊரும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 44 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அவரைப் பெற்ற தாய். அந்தச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, அன்றிலிருந்து டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு என்று மூன்று மாத்திரைகள் தினமும் போகின்றன. இந்த ஐப்பசியில் மல்லாக்கொட்டையை (நிலக்கடலையை)ப் பிடுங்கிக் கொடியோடு போட்ட மூன்றாம் நாள் அடைமழை பிடித்துக்கொண்டது. பதினோரு மூட்டையில் நனைந்த நான்கு மூட்டை பூசணம் பூத்துவிட்டது. மஞ்சள் தண்ணீரில் அலசி, வெயில் அடித்தபோது காயவைத்து, "வறுத்தால் எல்லாம் செத்துப்போகும்" என்று மாமியார் சொன்னதை நம்பி வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு வயது மகளுக்கு மூன்று வாரமாக அதில்தான் கடலை உருண்டை. கொஞ்சத்தைச் செக்கில் ஆட்டினார்கள், புண்ணாக்கு கறவை மாட்டுக்குப் போகிறது. பூசணம் பூத்ததில் மீதியை எண்ணெய்க்கென்று பாதி விலைக்குக் கேட்டு ஒரு வியாபாரி வந்து போயிருக்கிறார்.

இதற்கு நடுவே யூடியூபில் ஒருவர் பேசியதைக் கணவர் கேட்டிருக்கிறார். பூஞ்சை நஞ்சு நோய் எதிர்ப்பு சக்தியை அழித்துவிடும், கிட்னி வைத்தவர்களுக்குத் தரும் மைக்கோஃபெனலேட்டும் அதே பூஞ்சை நஞ்சுதான், அதை நிறுத்தினால் உடம்பு தானாகத் தேறும் என்பது அவர் பேச்சு. ரத்தத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும், அதை வெளியேற்ற ஒரு பொடியும் விற்கிறார். கணவர் இரண்டு நாளாக மைக்கோஃபெனலேட்டைப் போடவில்லை. மாத்திரையை நிறுத்துவதா, கொட்டையை நிறுத்துவதா, இந்த நஞ்சு எதிர்ப்பு சக்தியை அழிக்குமா என்று அந்தப் பெண் கேட்கிறார். கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி: "மூட்டை உடைத்த நாளிலிருந்து அவருக்கு இருமல், சாயங்காலம் லேசாகக் காய்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மற்ற நான்கரைப் பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு உங்களுக்குத் தனியே பதில் அனுப்பினேன். மாத்திரையை அன்றே தொடரச் சொன்னதும், மறுநாள் காலையிலேயே அறுவை நடந்த மருத்துவமனைக்குப் போகச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். இதே நிலையில் உள்ள வேறு வீடுகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் பயந்தது தின்ற நஞ்சுக்கு. எனக்குப் பயம் அவர் மூச்சில் இழுத்த தூசியைப் பற்றி. பூசணம் பூத்த கொட்டையை உடைக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக ஒரு தூள் பறக்கிறதே, அது பூஞ்சையின் வித்து. நான்கு நாள் அவர் மூடிய கூடத்தில் உட்கார்ந்து உடைத்திருக்கிறார். உங்களுக்கும் எனக்கும் அந்த வித்து நுரையீரலுக்குள் போனால், அங்கே காவல் இருக்கும் அணுக்கள் விழுங்கித் தீர்த்துவிடும். அவருடைய காவல் அணுக்களை டாக்டர்களாகிய நாங்களே மாத்திரை கொடுத்துக் கட்டிப்போட்டிருக்கிறோம். அங்கே ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து முளைத்தால் நுரையீரல் திசுவுக்குள் வேர்விட்டதுபோல் ஊடுருவும், ரத்தக் குழாயையும் துளைக்கும். ஸ்டீராய்டு போடுகிறவருக்குக் காய்ச்சலும் சரியாகத் தெரியாது, "லேசாக" என்றுதான் தெரியும். சாயங்காலக் காய்ச்சலும் இருமலும் நம் ஊரில் காசநோயாகவும் இருக்கலாம், இந்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு அதுவும் எளிதில் வரும். எது என்று சளிப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மருந்துக்கடையில் பூஞ்சை மாத்திரை கேட்டு வாங்கிவிடாதீர்கள். பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் போன்ற மருந்துகள் டாக்ரோலிமஸ் உடம்பில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். அப்படி ஏறிய டாக்ரோலிமஸே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது டாக்ரோலிமஸைக் குறைத்து, ரத்த அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம்.

யூடியூப்காரர் சொன்னதில் பாதி உண்மை

பொய் முழுப் பொய்யாக இருந்தால் உங்கள் கணவர் நம்பியிருக்க மாட்டார். மைக்கோஃபெனலேட் பூஞ்சையிலிருந்து வந்ததுதான். 1893-இல் இத்தாலியில் பார்த்தலோமியோ கோசியோ என்ற மருத்துவர் கெட்டுப்போன மக்காச்சோளத்தை ஆராய்ந்தார். மக்காச்சோளமே பிரதான உணவாக இருந்த ஏழைகளுக்கு வந்த பெலாக்ரா என்ற நோய்க்குப் பூசணம் காரணமோ என்று அவருக்குச் சந்தேகம். (காரணம் அதுவல்ல, நியாசின் என்ற வைட்டமின் குறைவு என்று பின்னால் தெரிந்தது.) அந்தத் தேடலில் பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த பொருள்தான் மைக்கோஃபெனலிக் அமிலம். நூறு வருடம் கழித்து, 1995-இல், அது சிறுநீரக மாற்று மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலருக்கும் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சை தந்தது. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று 1971-இல் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. அப்போது இந்த இரண்டு மருந்துகளும் கையில் இல்லை. அந்தக் காலத்தில் மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று மூத்த டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆக, பூஞ்சைப் பொருள் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்பது சரி. அதற்காகவேதான் கொடுக்கிறோம். நம் உடம்பின் வெள்ளை அணுக்களில் லிம்ஃபோசைட் என்று ஒரு வகை உண்டு. அன்னியமான எதையும் கண்டால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் படை திரட்டுவது அதன் குணம். பெருகுவதற்குக் குவானின் என்ற பொருள் வேண்டும். மற்ற அணுக்கள் பழையதை எடுத்துத் திரும்பப் பயன்படுத்திச் சமாளிக்கும், லிம்ஃபோசைட் புதிதாகச் செய்தே தீரவேண்டும். மைக்கோஃபெனலேட் அந்தத் தயாரிப்பை மட்டும் முடக்குகிறது. படை பெருகாததால் உங்கள் மாமியாரின் சிறுநீரகம் மகன் உடம்பில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் உடம்பு "தேறும்" என்கிறாரே, ஆமாம், தேறிய உடம்பு முதலில் அந்தச் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். வலி இருக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிய பிறகுதான் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிறுநீரகம் சில வருடம் கழித்துப் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மாத்திரையை விட்டுவிட்டுப் போடுவது.

இதே கணக்கில்தான் எதிர்ப்பு சக்தி கூட்டும் கஷாயம், லேகியம் எல்லாமும். மற்றவர்களுக்கு எப்படியோ, உங்கள் கணவருக்கு எதிர்ப்பு சக்தி கூடவேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுவதில்லை. அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவரே சொல்லாதபோது, ஒற்றைச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பது வேண்டாம். அந்த ரத்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்க மருத்துவமனைகளில் ஏற்றுக்கொண்ட ஒன்றல்ல. நன்றாக இருப்பவர் உடம்பிலும் பூஞ்சை நஞ்சின் சுவடு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதைக் காட்டிப் பயமுறுத்திப் பொடி விற்பது சுலபம்.

சரி, மல்லாக்கொட்டையில் இருக்கும் நஞ்சு என்ன செய்யும்?

அதன் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்றவை அவை. அதில் இருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள். நம் பக்கமும் நடந்திருக்கிறது. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை, வேறு தானியம் இல்லாமல் வாரக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே சோற்றைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே நோய்.

இதைப் படித்துவிட்டு மகளை நினைத்துப் பதறவேண்டாம். அந்த மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 6 முதல் 16 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. நம் சட்டம் அனுமதிக்கும் அளவு போல நானூறு மடங்குக்கும் மேல். அதுவும் அதையே மூன்று வேளையும் தின்றார்கள். உங்கள் மகள் தின்றது தினம் ஓர் உருண்டை. ஆனாலும் இன்றோடு நிறுத்துங்கள். கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, கால் வீக்கம், வயிறு உப்புவது என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் சேரும்போது இந்த நஞ்சு செய்வது வேறு. கல்லீரல் இதைக் கரைக்கப் போய் இன்னும் கொடிய ஒரு பொருளாக மாற்றிவிடுகிறது. அது மரபணுவிலும் புரதங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு நிச்சயமான காரணங்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு பெருகும். மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஹெபடைடிஸ் பி ஊசிகள் முழுவதும் போட்டிருக்கிறதா பாருங்கள். இந்த விஷயத்தில் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான். மஞ்சள் தண்ணீரில் அலசுவது பாதுகாப்பு ஆகாது.

எதிர்ப்பு சக்தியைப் பற்றிக் கேட்டீர்கள். இதை முதலில் கண்டவர்கள் கால்நடை மருத்துவர்கள். தீவனத்தில் அஃப்ளாடாக்சின் இருந்தால் கோழிக் குஞ்சுக்கு எதிர்ப்பு அணுக்கள் உருவாகிப் பழகும் உறுப்புகளே சுருங்கிப்போகும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டாலும் பிடிக்காது. போன வருடம் சொத்தைக் கொட்டையைக் கோழிக்குப் போட்டதாகவும், ஊசி போட்ட கோழிகளும் கழிச்சலில் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது காரணமாக இருக்கலாம். ஊசி மருந்து குளிர்ச்சி கெட்டு வந்திருந்தாலும் இப்படித்தான் நடக்கும், இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

மனிதர்களில் சான்று இவ்வளவு அழுத்தமாக இல்லை. ஆப்பிரிக்காவில் காம்பியாவில் இந்த நஞ்சு ரத்தத்தில் தென்பட்ட குழந்தைகளின் எச்சிலில், வாயையும் குடலையும் காக்கும் எதிர்ப்புப் புரதம் குறைந்திருந்தது. கானாவில், நஞ்சு அதிகமாக இருந்த பெரியவர்களிடம், கிருமி புகுந்த அணுக்களைக் கொல்லும் வெள்ளை அணுக்களில் ஆயுதம் குறைவாக இருந்தது. இரண்டும் ஆண்டு முழுவதும் கடலையும் மக்காச்சோளமும் சாப்பிடும் நாடுகள். அங்கேயும் ஏழ்மை, சத்துக்குறைவு, மலேரியா என்று கூடவே பல இருப்பதால் எல்லாவற்றையும் நஞ்சின் தலையில் கட்ட முடியாது. மூன்று வாரக் கடலை உருண்டை எதிர்ப்பு சக்தியை அழித்துவிட்டது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. உங்கள் கணவரின் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பது மாத்திரையால். அது நாங்கள் அளந்து குறைத்தது.

வறுத்தாலும் அலசினாலும் போகாதா?

போகாது. உங்கள் மாமியார் சொன்னபடி வறுத்தால் பூஞ்சை செத்துப்போகும், நஞ்சு சாகாது. பாம்பை அடித்துவிட்டால் கடித்த இடத்து விஷம் இறங்கிவிடுமா? சமையல் சூடு இதற்குப் போதாது. வறுப்பதில் கொஞ்சம் குறையலாம், நம்பும் அளவுக்கு இல்லை. அலசி மறுபடி ஈரமாக்கியதில் பூஞ்சைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்ததுதான் மிச்சம். பூசணம் கண்ணுக்குத் தெரியாத பருப்பிலும் நஞ்சு இருக்கும். ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் மொத்தமாக உட்கார்ந்திருக்கவும் கூடும், அதனால் ஒரு கைப்பிடியை ஆய்வகத்தில் கொடுத்து "இல்லை" என்று வந்தாலும் மூட்டைக்கு அது சாட்சி ஆகாது.

செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும். கொஞ்சம் எண்ணெயிலும் தங்கும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடுகிறது, செக்கு எண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. மரச்செக்கு எண்ணெய்க்கு இப்போது இருக்கும் மவுசில் இதை யாரும் பேசுவதில்லை. நல்ல கொட்டையை ஆட்டினால்தான் அது நல்ல எண்ணெய்.

புண்ணாக்கு தின்ற மாட்டின் பாலில் இந்த நஞ்சு வேறு உருவில் ஒரு சிறு பங்கு, நூற்றில் ஒன்றிரண்டு, வரும். காய்ச்சினாலும் இருக்கும். தீவனத்தை நிறுத்திச் சில நாளில் பால் தெளிந்துவிடும். ஒரு வாரம் அந்தப் பாலை வீட்டுக்கும் வைக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள்.

மீதி மூட்டைகள்

வியாபாரிக்குப் பாதி விலைக்குக் கொடுத்தால் கடன் கொஞ்சம் அடையும் என்று எழுதியிருப்பது புரிகிறது. நானும் மல்லாக்கொட்டை விளையும் ஊரிலிருந்து வந்தவன்தான், களத்தில் நனைந்த கொடியைப் பார்த்து என் அப்பா பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டை எங்கேயாவது வேறொரு குழந்தையின் கடலை மிட்டாயாகத்தான் போய் முடியும். சட்டப்படியும் முடியாது. அப்படியே தின்னும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமும், பதப்படுத்தப்போகும் கடலையில் 15 மைக்ரோகிராமும்தான் அனுமதி. கெட்டது என்று தெரிந்தே விற்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், வாங்குபவர் "எண்ணெய்க்குத்தான்" என்று சொல்லிவிட்டதால் நீங்கள் தப்பிவிட முடியாது.

பூசணம் தெரியும் நான்கு மூட்டையையும், அதில் ஆட்டிய எண்ணெயையும் புண்ணாக்கையும் ஆடு மாடு கிளறாத இடத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். மூட்டையின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூக்கினால் தூள் பறக்காது. தூக்குபவர் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். அன்று கணவரும் மகளும் அந்த வீட்டிலேயே இருக்கவேண்டாம், கூடத்தை ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகு வரட்டும். நனையாத ஏழு மூட்டையில் சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்ததா என்றும் பாருங்கள்: குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடவேண்டும், தேய்த்தால் சிவப்புத் தோல் உரிந்து வரவேண்டும். பொறுக்கும் வேலை உங்கள் கணவருக்கு இனி எப்போதும் கூடாது. வைக்கோல் போர், எருக்குழி, செக்குக் கொட்டகை இவையும் அப்படித்தான்.

பயிர்க் காப்பீடு கட்டியிருந்தீர்களா என்று எழுதவில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பிடுங்கி வயலில் காயப்போட்ட பயிர் பருவம் தப்பிய மழையிலோ புயல் மழையிலோ நனைந்தால் 14 நாள் வரை இழப்பீடு கேட்க இடம் உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். இந்த முறை கெடு தாண்டிவிட்டது. அடுத்த பட்டத்துக்கு வேளாண்மை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாத்திரைக்கு மாதாமாதம் ஆகும் செலவைப் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். யூடியூப் பேச்சு உங்கள் கணவர் காதில் இவ்வளவு சுலபமாக ஏறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மகனுக்கென்று ஒரு சிறுநீரகத்தையே கொடுத்தவர் உங்கள் மாமியார், காசு இல்லாமல் மாத்திரையை விட்டேன் என்று அவரிடம் சொல்ல மகனுக்கு வாய் வராது. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார். மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்து முடித்ததும் அங்குள்ள சமூகப் பணியாளரைப் பாருங்கள். குடும்ப அட்டை, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கடந்த மூன்று மாத மருந்து பில் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். விலை குறைந்த கம்பெனி மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், டாக்டர் மாற்றினால் பத்து நாளில் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.